சின்ன மாப்பிள்ளைக்கு நல்ல ஸ்கோப்பு

ஏனுங்க, உங்க மடியில இருக்கறது ஸ்கோப்புப் பெட்டிதானுங்களே? பெட்டி மேல படத்தைப் பார்த்தேன், அலை அலையாக் கோடு, கரண்டு ஓட்டத்தைக் கோடாக் காட்டற ஆஸிலாஸ்கோப்புதானே. கோயமுத்தூர்லதான் வாங்குனீங்களா? சரி சரி. கீழ மட்டும் வச்சிராதீங்க, இந்த டிரைவர் பள்ளத்தைத் தேடிப் புடிச்சு ஓட்டறாரு. மடியிலயே இருக்கட்டும்.

நமக்கும் அதே பொழப்புதானுங்க. பல்லடத்துல நாச்சிமுத்து எலக்ட்ரானிக்ஸுன்னு கேட்டாச் சொல்லுவாங்க. முன்னெல்லாம் கேக்காமயே சொல்லுவாங்க. தறி போர்டு, கோன் மிஷின் போர்டு, சப்ளை யூனிட்டு, எல்லாம் பாப்பேன். நீங்க? தாராபுரமா? டி.வி.யும் இண்டக்ஷன் அடுப்புமா? நல்லதுங்க.

எத்தனை மெகாஹெர்ட்ஸுங்க? நூறு, ரெண்டு சேனலு. போதும், தாராளமாப் போதும். கடைக்காரன் எரநூறு வாங்கு, நாலு சேனல் வாங்குன்னு சொல்லியிருப்பானே? சொன்னானா? நீங்க கேக்கலை பாருங்க, அங்கதான் நீங்க பொழைக்கத் தெரிஞ்சவரு. சப்ளை யூனிட்டு பாக்கறவனுக்கு எரநூறு எதுக்குங்க? மிச்சக் காசுக்கு ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வாங்கி வையுங்க, சுவத்துக் கரண்டையும் போர்டையும் நேரா ஒட்ட விடாமப் பிரிச்சு வைக்குமே, அது. ரிப்பேருக்கு வந்த போர்டுக்கு அது வழியாக் கரண்டு குடுங்க. ஸ்கோப்புக்கு இல்லீங்க, போர்டுக்கு. ஸ்கோப்பு பாட்டுக்கு மூணு பின்னோட சுவத்துல நிக்கட்டும். முடிஞ்சா டிஃபரன்ஷியல் புரோபு, எர்த்தோட ஒட்டாமத் தொட்டுப் பாக்கற குச்சி, அதுவும் ஒண்ணு வாங்கிக்கங்க. கரண்டை நிறுத்துனதும் பெரிய கண்டன்சர்ல தேங்கி நிக்கறதைப் பல்பு வச்சு எறக்கிட்டுத்தான் கையை வைக்கோணும்.

எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேக்கறீங்களா? யாரும் சொல்லிக் குடுக்கலை. அனுபவந்தான். சரி, பொய் எதுக்கு, என்ற சகலை சொன்னது. பூபதின்னு பேரு. சொன்னப்ப நான் கேக்கலை, அது வேற விசயம்.

நான் மூத்த மாப்பிள்ளைங்க. மாமனாருக்கு ரெண்டு பொண்ணு, ஒரு பையன். பெரியவ சம்பூர்ணம் எனக்கு, சின்னவ கோகிலா பூபதிக்கு. எனக்குக் கல்யாணமாகி இருபத்திரெண்டு வருசம், அவங்களுக்குப் பதினாலு. அதுவரைக்கும் அந்த வீட்டுல நாந்தானுங்க. மிக்ஸி ஓடலையா, பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிடு. மோட்டார் எடுக்கலையா, பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிடு. பொண்ணெடுத்த ஊருல அந்த மரியாதை இருக்குதுங்களே, அதை அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும். இவரு வந்து சேர்ந்தாரு பாருங்க, அதே தொழிலு. ஊரு உலகத்துல வேற தொழிலே இல்லையாட்டம் அதே தொழிலு, அதே பல்லடத்துல, பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல கடை.

பொறாமைன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கு அந்தப் பழக்கமே கெடையாது. ஆளு நல்ல ஆளு. என்னை 'அண்ணா'ன்னுதான் கூப்பிடுவாரு, நான் நின்னா உக்கார மாட்டாரு. அதுதானுங்க எனக்குப் புடிக்காது. குறை சொல்ல ஒரு எடம் வேண்டாமா ஒரு மனுசன்கிட்ட?

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அவரு ஸ்கோப்பு வாங்குனாரு. இப்ப நீங்க வச்சிருக்கறீங்களே, இதைவிடச் சின்னது, அம்பது மெகாஹெர்ட்ஸு. நான் அதுவரைக்கும் மீட்டரும் சீரியல் பல்பும் வச்சே ஓட்டுனவன். பல்பு எரியற வெளிச்சத்துலயே எந்தப் பக்கம் ஷார்ட்டுன்னு சொல்லிருவேன். அவரு போர்டை மேசையில போடுவாரு, புரோபை வைப்பாரு, கோடு ஓடும். தறிக்காரங்களைக் கூப்பிட்டு, 'பாருங்க, இந்த எடத்துல அலை வரோணும், வரலை' அப்படின்னு காட்டுவாரு. தறிக்காரனுக்கு என்னங்க தெரியும்? கோடு ஓடுனா ஆஸ்பத்திரியில இதயம் பாக்கற மாதிரி இருக்குது அவனுக்கு. ஒரு மாசத்துல எனக்கு வர்ற போர்டெல்லாம் பஸ் ஸ்டாண்டோட நின்னு போச்சு. நான் கடையில ஈ ஓட்டிட்டு உக்காந்திருந்தேன்.

அதுகூடப் பெருசில்லீங்க. மச்சினன் மகளுக்குக் காது குத்து. பந்தியில நானு, எனக்கு அடுத்து பூபதி, எதுக்கால மாமனாரு. யாரோ ஒரு ஒறவுக்காரர், 'சின்னவரு தொழிலு எப்படி?'ன்னு கேட்டாரு. மாமனாரு எலையில ரசத்தை வழிச்சுக்கிட்டே சொல்றாரு, 'சின்ன மாப்பிள்ளைக்கு நல்ல ஸ்கோப்பு இருக்குதுங்க' அப்படீங்கறாரு.

ஸ்கோப்புன்னு எதைச் சொன்னாரு? அந்தப் பெட்டியைச் சொன்னாரா? இல்ல, 'இந்தப் படிப்புக்கு நல்ல ஸ்கோப்பு'ம்பாங்களே, அப்படி எதிர்காலத்தைச் சொன்னாரா? பெட்டியைச் சொல்லியிருந்தாப் பரவாயில்லை, பெட்டியை நானும் வாங்கலாம். எதிர்காலத்தைச் சொல்லியிருந்தா, அப்ப எனக்கு இல்லைன்னுதானுங்களே அர்த்தம்? பக்கத்துலயே நான் உக்காந்து பாயாசம் குடிச்சிட்டு இருக்கறேன். மூணு நாளா இதையே ஓட்டிட்டு இருந்தேன் மண்டைக்குள்ள. சம்பூர்ணத்துக்கிட்ட கேட்டா, 'எங்கப்பா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, அதுக்கு இத்தனை அர்த்தமா?'ங்கறா. அவளுக்குத் தங்கச்சி வீட்டைச் சொன்னா உடனே கோவம் வந்துரும்.

வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அது எப்படியோ பூபதி காதுக்குப் போயிருச்சு, போன் பண்ணாரு. 'அண்ணா, நம்ம வேலைக்கு நூறே சாஸ்திங்ணா. பெருசுக்குப் போகாதீங்க. ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒண்ணு எடுத்துக்கங்க, அது இல்லாம மெயின் கரண்டு நிக்கற ஹாட் சைடுல கையே வைக்க வேண்டாம்'னாரு. எனக்கு எப்படிக் கேட்டுது தெரியுங்களா? நான் சின்னதாவே வாங்கோணும், அவரை மிஞ்சிரக் கூடாது, அப்படிக் கேட்டுது. 'பாக்கறேன் பூபதி'ன்னு வச்சுட்டேன். மறுநாளே கோயமுத்தூர் வந்து எரநூறு மெகாஹெர்ட்ஸு, நாலு சேனலு தூக்கிட்டுப் போனேன். இதே பஸ்ஸுலதான், இதே மாதிரி மடியில வச்சுக்கிட்டு. டிரான்ஸ்பார்மர் வாங்கலை. அது எவன் கண்ணுக்குத் தெரியப் போகுது? மேசைக்கு அடியில கெடக்கற சாமான். ஸ்கோப்புன்னா ரோட்டுல போறவனுக்கும் தெரியும். ரோட்டைப் பார்த்துதானுங்க திருப்பி வச்சேன்.

மொத நாளே வெடிச்சுது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், புரோபுல தொங்குற அந்த முதலை கிளிப்பு இருக்குதுங்களே, அது ஸ்கோப்பு வழியா நேரா சுவத்து எர்த்துக்குப் போகுது. நான் மீட்டர்ல கறுப்பு வயரை மாட்டற பழக்கத்துல, போர்டுல ஏ.சி.யை டி.சி.யாக்கற பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் நெகட்டிவுல மாட்டிட்டேன். அது நெகட்டிவுதான், ஆனா எர்த்து இல்லையே! டமால்னு ஒரு சத்தம். பிரிட்ஜு செதறி, பியூசு கண்ணாடி கறுத்து, கிளிப்பு நுனி உருகிப் போச்சு. எதுத்த டீக்கடையில எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க. 'ஒண்ணுமில்லை, டெஸ்டிங்கு'ன்னேன்.

அன்னைக்கே பூபதிக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணுவனா நானு? நம்ம லைன்ல எல்லாரும் ஒண்ணு பண்ணுவாங்க, உங்களுக்கும் யாராச்சும் சொல்லியிருப்பாங்க. ஸ்கோப்போட பிளக்குல அந்தப் பெரிய பின்னு, எர்த்துப் பின்னு, அதைக் கழட்டி எறிஞ்சிர்றது. எர்த்தே இல்லைன்னா எங்க போயி ஷார்ட்டாகும்? அழகா வேலை செஞ்சுது. வெடிக்கலை, கோடு ஓடுச்சு. நாலு சேனல்ல நாலு கலரு. தறிக்காரங்க ரெண்டு பேரு திரும்பியும் வர ஆரம்பிச்சாங்க.

ஆனா என்னன்னா, வெடிக்கற கரண்டு எங்கயும் போகாம அந்தப் பெட்டி மேலயே நிக்குமுங்க. புரோபு சொருகற வாயில ஒரு வளையம் இருக்குது பாருங்க, அதைத் தொட்டா போச்சு. எனக்குத் தெரியும். நான் ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டுத்தான் தொடுவேன். சம்பூர்ணம் ஒரு நாள் தூசி தட்டப் போனவ, 'ஏனுங்க, இந்தப் பொட்டி எர்த்தடிக்குதுங்க'ன்னா. 'உன்னை எவன் தொடச் சொன்னான்?'னு கத்துனேன். அதோட விட்டுட்டா.

கொஞ்சம் மெதுவாப் பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. காரணம் இருக்குது.

போன ஆடியில ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு மில்லு போர்டு, நாலு நாளா என்னைச் சுத்த விட்டுட்டு இருந்துது. ஸ்டார்ட் ஆகும், ரெண்டு நிமிசத்துல படுத்துரும். மில்லுக்காரர் காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா போன் பண்றாரு. நான் வீட்டுல சோறு தண்ணி இல்லாம கெடக்கறதைப் பார்த்துட்டு சம்பூர்ணம் என்னைக் கேக்காம தங்கச்சிக்குப் போன் பண்ணிட்டா. பத்தரை மணிக்கு பூபதி என்ற கடை வாசல்ல வந்து நிக்கறாரு. கடையைத் தொறந்துட்டு வந்தாரா, பூட்டிட்டு வந்தாரா, தெரியாது. அவரு கடைக்கு வர்றவங்களையெல்லாம் நிக்க வச்சுட்டு எனக்கு ஒத்தாசைக்கு வந்திருக்கறாரு. எனக்கு எப்படி இருக்குமுங்க?

ஆமாங்க, வயிறு எரிஞ்சுது. பொறாமைதான். இப்ப சொல்றதுக்கு என்ன? அடிவயித்துல இருந்து எரிஞ்சுது. இவரு இப்ப உள்ள வருவாரு, ஒரு நிமிசம் பாப்பாரு, 'அண்ணா இந்த எடந்தானுங்ணா'ம்பாரு, நாலு நாள் என்ற ஒழைப்பு மண்ணாப் போயிரும், சாயங்காலம் மாமனார் வீடு வரைக்கும் சேதி போயிரும். அவரு எதையும் கண்டுபுடிக்கக் கூடாது சாமின்னு நெனச்சேன். அது மட்டுந்தான் நெனச்சேன், வேற எதுவும் நெனக்கலை. அதை நீங்க நம்போணும்.

அவரு வாசப்படியிலயே செருப்பைக் கழட்டுனாரு. வெள்ளிக்கிழமை, கடை கழுவி விட்டுச் சாமிக்கு ஊதுவத்தி வச்சிருக்குது, அதைப் பார்த்துட்டுக் கழட்டுனாரு. பெரியவங்க கடைன்னு வேற. தரை ஈரம் காயலை. நான் செருப்போட உள்ள உக்காந்திருக்கறேன். 'போட்டுக்கங்க பூபதி, பரவாயில்லை'ன்னு வாய் வரைக்கும் வந்துது. ஆனா அவரு வெறுங்காலோட என் முன்னாடி வந்து நின்னாரு பாருங்க, அது எனக்குப் பார்க்க நல்லா இருந்துது.

போர்டு ஓடிட்டு இருக்குது, கிளிப்பு ஹாட் சைடுல மாட்டியிருக்குது. எட்டிப் பார்த்துட்டு, 'அண்ணா, இன்னொரு சேனல் போட்டு டிரான்சிஸ்டர் கேட் சிக்னலையும் சேர்த்துப் பாக்கலாமுங்ளா?'ன்னாரு. பாருங்கன்னேன். கையை நீட்டப் போனவரு நிறுத்தி, 'ஏனுங்ணா, எர்த்து இருக்குதுங்ளா இதுக்கு?'ன்னு கேட்டாரு. பிளக்கு ரேக்குக்குப் பின்னால இருக்குது, அவருக்குத் தெரியாது.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? 'எனக்குத் தெரியாதாங்க?'ன்னேன்.

இருக்குதுன்னு நான் சொல்லலீங்க. நல்லாக் கேட்டுக்கங்க, இருக்குதுன்னு நான் சொல்லவே இல்லை. எனக்குத் தெரியாதாங்கன்னுதான் கேட்டேன். இன்னைக்கு வரைக்கும் எனக்குள்ள இதைத்தான் சொல்லிட்டு இருக்கறேன். அது பொய்யில்லையே? எனக்குத் தெரியுமே, இல்லைங்கறது எனக்குத் தெரியுமே!

அவரு சட்டைப் பையில இருந்து டெஸ்டரை எடுத்தாரு. எடுத்துட்டு என் மூஞ்சியைப் பார்த்தாரு. பெரியவரு சொன்னதுக்கப்புறம் டெஸ்டர் வச்சுப் பார்த்தா மரியாதைக் குறைச்சல்னு நெனச்சிருப்பாருங்க. திருப்பிப் பையிலயே வச்சுக்கிட்டாரு. ரெண்டாவது புரோபைச் சொருகறதுக்கு எடது கையால அந்த வளையத்தைப் புடிச்சாரு.

கத்தலைங்க. கத்துவாங்கன்னுதானே நெனக்கறோம், சத்தமே வரலை. கை அப்படியே இறுகிப் போச்சு, விட முடியலை, பல்லு மட்டும் கிட்டிக்குது. நான் பாஞ்சு போயி மெயினை இழுத்தேன். ஒரு நொடி தாமதிக்கலை. அதை நான் எந்தச் சாமி முன்னாடி வேணும்னாலும் சொல்லுவேன். அவரு பின்னால விழுந்து, ரேக்குல தலை மோதி, ஈரத்துல கெடந்தாரு. மூச்சு இருக்குதா இல்லையான்னு பார்க்கக்கூட எனக்குக் கை வரலை. டீக்கடைக்காரர்தான் ஓடியாந்து நெஞ்சை அமுக்குனாரு.

பொழைச்சுக்கிட்டாரு. அவருக்கு எடது கைப் பழக்கம், அந்தக் கையில கட்டை வெரலும் ஆள்காட்டி வெரலும் எலும்பு தெரியற அளவுக்குப் பொசுங்கிப் போச்சு. தோல் எடுத்து வச்சுத் தைச்சாங்க. புண்ணு ஆறிருச்சு, ஆனா உணர்ச்சி இல்லை. புரோபைப் புடிச்சா புடிச்சிருக்கறமா விட்டுட்டமான்னு அவருக்குத் தெரியறதில்லை. நம்ம வேலையே அந்த ரெண்டு வெரல்லதானுங்களே இருக்குது.

ஆஸ்பத்திரியில மொத்த சொந்தமும் நிக்குது. கோகிலா அழுதுட்டு இருக்கறா. மாமனாரு கட்டில்கிட்ட போயி, 'எப்படி மாப்பிள்ளை ஆச்சு?'ன்னு கேக்கறாரு. நான் கதவோரமா நிக்கறேன். இப்ப சொல்லிருவாரு, பத்து பேரு முன்னால என் மானம் போயிரும்னு நிக்கறேன். பூபதி என்னைப் பாக்கவே இல்லை. 'எந் தப்புதானுங் மாமா. பாக்காம தொட்டுட்டேன். அண்ணா மெயினை இழுக்கலைன்னா இந்நேரம் நான் இல்லை'ன்னாரு. மாமனாரு வந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாரு. 'பெரிய மாப்பிள்ளை, எம் பொண்ணுக்குத் தாலியைக் காப்பாத்திக் குடுத்துட்டீங்க'ன்னு அழுகறாரு. பதினாலு வருசம் கழிச்சு எனக்கு அந்த வீட்டுல ஒரு நல்ல வார்த்தை. இனிச்சுதுங்க. அந்த எடத்துலயும் இனிச்சுது.

எல்லாரும் டீ குடிக்கப் போனாங்க, நானும் அவரும் மட்டுந்தான். திட்டுவாருன்னு பார்த்தேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசி, சண்டையாகி, அதோட நிம்மதியாப் போயிருப்பேன். அவரு கேட்டது என்ன தெரியுங்களா? 'அண்ணா, அந்தப் பின்னை மாத்திட்டீங்ளா? கடையில தனியா இருக்கறவரு நீங்க'ங்கறாரு. இப்படியொரு மனுசன்கூட எப்படிங்க குடும்பம் நடத்தறது?

அன்னைக்கு மாத்துனேன். இப்ப தினமும் மத்தியானம் அவரு கடைக்குப் போயிர்றேன். அவரு பக்கத்துல உக்காந்து கோட்டைப் பார்த்து, இங்க வையுங்ணா, அங்க வையுங்ணாம்பாரு, நான் புரோபைப் புடிப்பேன். தறிக்காரங்க, 'பூபதி கடையில ஒரு பெரியவரு இருக்காரே'ன்னு என்னைச் சொல்றாங்களாம்.

ஏன் மெதுவாப் பேசறேன்னு கேட்டீங்களே. டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, உணர்ச்சியில்லாத வெரலு எங்கயும் பட்டுரக் கூடாதுன்னு கையில வெள்ளைத் துணி சுத்தியிருக்கறாரு பாருங்க, அவருதான். திரும்பிப் பார்த்துராதீங்க! ஏறுனதும் எனக்கு ஜன்னலோரம் எடம் போட்டுக் குடுத்துட்டு அவரு முன்னால போயிட்டாரு.

இன்னைக்கு நரம்பு டாக்டர்கிட்டக் காட்டிட்டு வர்றோம். புது டாக்டரு. ஊசி வச்சுக் குத்திக் குத்திப் பார்த்தாரு. கட்டை வெரலுக்கு ஒரு வருசத்துல கொஞ்சம் உணர்ச்சி வரலாம்னாரு, ஆள்காட்டி வெரலைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. அப்புறம் எழுதறதுக்காகக் கேட்டாரு, 'எப்படி ஆச்சு? இவ்வளவு அனுபவம் இருந்துமா?'ன்னு. நான் பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கறேன். ரூமுல எங்களைத் தவிர யாருமில்லை, மாமனாரு இல்லை, கோகிலா இல்லை. இப்பச் சொல்லிரலாம்னு வாயைத் தொறந்தேன். சத்தியமாத் தொறந்தேங்க. அதுக்குள்ள பூபதி, 'என் கவனக்கொறவுங் டாக்டர்'னுட்டாரு. டாக்டரு என்னைத் திரும்பிப் பார்த்தாரு, சரிதானான்னு கேக்கற மாதிரி.

'ஆமாங்க டாக்டர்'னேன்.

டாக்டரு பேனாவை வச்சுட்டு அவரைப் பார்த்துச் சிரிக்கறாரு. 'இந்தக் காலத்துல தன் தப்பைத் தானே ஒத்துக்கறதுக்கு ஒரு பெரிய மனசு வேணும்'னு அவரு தோளைத் தட்டிக் குடுக்கறாரு.

பார்த்தீங்களா? தப்பு என்னுதுங்க. அதுக்கும் பேரு அவருக்குத்தான் போகுது. இதை நான் யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்? கொஞ்சம் காலை ஒதுக்குங்க, பல்லடம் வந்துருச்சு. அவரு எந்திரிச்சுட்டாரு, எனக்காக நிப்பாரு.